முகத்துவாரம் திறந்திருக்கிறதா?



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். கதையைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள்கூட முதல் வரியில் ஊர் நிலவரம்தான் கேட்பார்கள். தாம்பரத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா, கரண்ட் இருக்கிறதா, பால் கிடைக்கிறதா என்று சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கோவையிலிருந்தும் விசாரிப்பார்கள். முடிச்சூரில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், போனை எடுக்கவில்லை என்று பதறி எழுதியவர்களுக்காக எங்கள் அலுவலகத் தம்பிகள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னதும் உண்டு.

அந்தக் கடிதங்களுக்கு நடுவே ஒன்று வித்தியாசமாக இருந்தது. எழுதியவர் குவைத்தில் வேலை பார்க்கிற வாசகர். சொந்த ஊர் கோவளம். புயல் கரையைக் கடந்து சில நாள் ஆகியிருந்த சமயம். "டிவியில வேளச்சேரி, பள்ளிக்கரணைன்னு காட்டிக்கிட்டே இருக்காங்க சார். எங்க ஊரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. முகத்துவாரம் திறந்திருக்கா, படகெல்லாம் பத்திரமா இருக்கா, தொழிலுக்குப் போனாங்களா, இதை மட்டும் யாராவது விசாரிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். ஊர்க்காரர்களைக் கேட்டு அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டோம். ஆனால் அவர் கேட்ட மூன்றும் கடலோரத்தை உள்ளும் புறமும் அறிந்தவர் கேட்கிற கேள்விகள். தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கிற நாமும் கேட்க வேண்டியவை. அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அந்த மூன்று கேள்விகளுக்கே கொடுக்கிறேன்.

விசாரிப்பதற்கே வழியில்லாமல் போன நாட்களையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செல்போன் கோபுரங்கள் அடங்கிப்போயின. மீனம்பாக்கம் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 1878-இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு அன்று அச்சாகவில்லை. மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. அச்சுத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் புரியும். இரண்டு உலகப் போர்களிலும் நிற்காத இயந்திரம் ஒரு நாள் மழையில் நின்றது.

இப்போது செய்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் செய்தி எங்கே போகிறது என்று கவனியுங்கள். புயல் வருவதற்கு முன்பு கோவளம் கடற்கரையில் நிறைய கேமராக்கள் நிற்கும். மழைக்கோட்டு போட்ட நிருபர் சீறும் அலையின் முன்னால் நின்று பேசுவார். காற்று ஓய்ந்து மழை கொட்டத் தொடங்கியதும் அந்த வண்டிகள் எல்லாம் நகரத்துத் தெருக்களுக்குத் திரும்பிவிடும். கார் மிதக்கும் காட்சி அங்கேதானே கிடைக்கும். கோவளத்தில் படகு உடைந்ததா, வலை போனதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும். அப்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கோவளத்தை நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஊராகத்தான் அறிந்திருக்கிறோம். தாம்பரத்திலிருந்து வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் முப்பது கிலோமீட்டர் சொச்சம். குழந்தைகளைத் தண்ணீரில் விளையாட விட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம். 2021-இல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்கும் முந்தைய வரலாறு நீளமானது. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஆஸ்டெண்ட் கம்பெனி அங்கே வணிகம் செய்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த கோட்டையை 1752-இல் ராபர்ட் கிளைவ் பிடித்தார். மாதா கோயிலும் தர்காவும் அம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். விடியற்காலையில் படகு கரை ஏறும் நேரத்துக்குப் போனவர்களுக்குத்தான் அது யாருடைய ஊர் என்று தெரியும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். முகத்துவாரம் திறந்திருக்கிறதா?

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தாம்பரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் ஊரில் ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் போகிற மேட்டுக்கு மேற்கே விழுகிற மழை பெரும்பாலும் அடையாற்றுக்குப் போகும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொள்ள, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத் திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம் என்று நகரத்துக்குள் நுழைந்து, அடையாறு முகத்துவாரத்தில் கடலைச் சேரும். 2015-இல் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட 29,000 கன அடியும் இந்த ஆற்றில்தான் வந்து விழுந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே நீட்டவில்லை.

மேட்டுக்குக் கிழக்கே விழுகிற மழையின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் விழுகிற தண்ணீருக்கு ஏரி ஏரியாக ஒரு பாதை உண்டு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். இன்று இவை எல்லாம் பஸ் நிறுத்தங்களாகவும் அடுக்குமாடி விளம்பரங்களாகவும் காதில் விழுகின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஏரியின் பெயர். பந்தியில் ஓர் இலையைக் கவனித்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்வதுபோல, ஓர் ஏரி நிறைந்தபின் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி முன்னோர் அமைத்திருந்தார்கள். சிட்லபாக்கத்தின் உபரி செம்பாக்கத்துக்கு, செம்பாக்கத்தின் உபரி நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் இறங்குகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் கடைசிக் களம் பள்ளிக்கரணை.

1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு அது. இன்று எஞ்சியிருப்பதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மற்றது என்னவாயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் வண்டியில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்த்தால் போதும். சாலை, குப்பை மேடு, கண்ணாடிக் கட்டடம், கல்விக்கூடம் என்று எல்லாமே அந்தத் தண்ணீரின் இடத்தில்தான் நிற்கின்றன. இவற்றில் ஏதோ ஒன்றில் நம்மில் பலருக்கு வேலையோ வீடோ இருக்கிறது. அதனால் யார்மீதும் விரல் நீட்டி முடித்துவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

சதுப்பு நிரம்பியபின் தண்ணீருக்கு முக்கியமான வழி ஒன்றுதான். துரைப்பாக்கத்தில் பழைய மகாபலிபுரம் சாலையைக் கடக்கிற ஒக்கியம் மடுவு. அதைத் தாண்டிப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் ஓரமாகவே ஊர்ந்து, முட்டுக்காட்டு உப்பங்கழியில் சேரும். வாட்டம் மிகக் குறைவான கால்வாய் அது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதே கஷ்டம். அந்த உப்பங்கழி கடலோடு சேர்கிற இடம் கோவளத்துக்கு வடக்கே இருக்கிறது. குவைத் வாசகர் கேட்டது அந்த இடத்தைப் பற்றித்தான்.

கோடையில் மேலிருந்து நீர்வரத்து இருக்காது. கடல் அலை கரையோரமாக மணலைக் கொண்டுவந்து கொண்டுவந்து வாயில் கொட்டும். வெளியே தள்ளுவதற்கு உள்ளே வேகம் இல்லாததால் மணல் மேடிட்டு, ஒரு கட்டத்தில் வாய் அடைபட்டுவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் அந்த மணல் திட்டை வெட்டிவிட வேண்டும். இன்று பொக்லைன் இயந்திரம் வந்து வெட்டுகிறது. முன்பெல்லாம் ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கி ஒரு சிறு வாய்க்கால் கீறிவிடுவார்களாம், மீதி வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். எந்த நாளில், எந்த ஓதத்தில் கீறினால் வாய் நிலைத்து நிற்கும் என்ற கணக்கு கரையில் வளர்ந்தவர்களிடம் இன்றும் இருக்கிறது. வெட்டுகிறவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

வாய் திறந்திருந்தால்கூடப் புயல் நாளில் கடல் ஒத்துழைக்க வேண்டும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் சென்னைக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டர் அளவில் கடலிலேயே மெல்ல நகர்ந்தது. கரையைத் தொட்டது 5-ஆம் தேதி, ஆந்திரத்தின் பாபட்லா அருகே. ஆனால் அது நம்மை ஒட்டிக் கடந்துபோன நேரத்தில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கடல் மட்டம் ஏறி நின்றது. ஏறி நிற்கிற கடல் ஆற்று நீரை உள்வாங்காது. வழியில் இருக்கிற எல்லா ஏரிகளும் நிறைந்து, சதுப்பு நிறைந்து, கால்வாய் நிறைந்து, கடைசி வாசலில் கடல் குறுக்கே நின்றதால்தான் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் மழை நின்றபிறகும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. சேலையூரில் ஒருவர் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும்போது கோவளத்து முகத்துவாரத்தில் கடல் எப்படி இருக்கிறது என்பதும் அவருடைய வீட்டுச் செய்திதான்.

அந்தத் தண்ணீர் கோவளத்துக்கு வெறுங்கையோடு போவதுமில்லை. நம் ஏரிகளில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக அறுபட்டு, கால்வாய் வழியாக இறங்கிப் போகிறது. கூடவே பாலித்தீன் பை, தெர்மோகோல், செருப்பு, மருந்துப் பாட்டில். பெருங்குடிக் குப்பை மேட்டின் கசிவும் அதே வழியில்தான் இறங்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரை கருகிவிடும், ஆனால் அதற்கு முன் கரையில் குவியும், வலையில் சுற்றிக்கொள்ளும். ஒரு வலையிலிருந்து அந்தத் தழையை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிற வேலையைப் பார்த்தவர்கள், ஏரிக்கரையில் குப்பையை வீசுகிற கையைப் பிடித்து நிறுத்தாமல் இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி படகுகளைப் பற்றியது. காசிமேட்டில் உள்ளதுபோன்ற துறைமுகம் கோவளத்தில் கிடையாது. பைபர் படகுகள் திறந்த மணலில்தான் நிற்கின்றன. புயல் எச்சரிக்கை வந்ததும் இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், வலையை மூட்டை கட்டுவார்கள், படகை மேட்டுக்கு இழுப்பார்கள். எவ்வளவு தூரம் இழுப்பது? மணல் பரப்பு அகலமாக இருந்த காலத்தில் அலைக்கு எட்டாத இடம் இருந்தது. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் பல குப்பங்களில் ஒரு பக்கம் கடல் மணலை அரிக்கிறது, மறுபக்கம் மதில் சுவர்கள் மணலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. கோவளத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். அப்படிப்பட்ட இரவில் படகோடு படகு மோதி உடைகிற சத்தம் காற்றின் இரைச்சலையும் மீறிக் கேட்குமாம்.

அந்தப் படகுகளுக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. 2015 டிசம்பரிலும் சரி, 2023 டிசம்பரிலும் சரி, சென்னைக் கடற்கரை மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். கடலில் ஓட்டிப் பழகிய கையால் தெருவில் ஓட்டினார்கள். மூழ்கிக் கிடந்த கார் கூரையிலும் காம்பவுண்டுச் சுவரிலும் வேகத்தடையிலும் படகின் அடி உரசியது. மாடியில் தவித்த கர்ப்பிணிகளையும் டயாலிசிஸ் நோயாளிகளையும் நடக்க முடியாத முதியவர்களையும் இறக்கிக் கரை சேர்த்தார்கள். 2018-இல் கேரள மீனவர்கள் செய்ததை நாடே கொண்டாடியது, கொண்டாடத்தான் வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் அதைச் செய்துவிட்டார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

இழப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் அறிவித்தது. முழுவதும் சேதமடைந்த கட்டுமரத்துக்கு, வலையும் சேர்த்து, 32,000-ஆக இருந்த நிவாரணம் 50,000 ஆனது. சேதமடைந்த வலைக்கு 10,000 என்பது 15,000 ஆனது. உயர்த்தியது நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஒரு பைபர் படகு, இன்ஜின், வலை எல்லாம் சேர்ந்தால் சில லட்சம். கையில் வருகிற பணத்துக்கும் ஆகிற செலவுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை வட்டிக்கு வாங்கித்தான் நிரப்புகிறார்கள். அந்தக் கடன் புயலுக்கு மறுநாள் தெரியாது. சித்திரை மாதத்தில் தெரியும்.

மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தொழிலுக்குப் போனார்களா?

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் மீன்வளத் துறை கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிடும். சொல்லத்தான் வேண்டும், உயிர் முக்கியம். அந்தத் தாழ்வு புயலாக மாறலாம், மாறாமலும் போகலாம். நம் பக்கம் வரலாம், ஒடிசாவுக்கும் போகலாம். எப்படியானாலும் அந்த நாட்களில் அடுப்பு எரிய வேண்டும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் முன்னும் பின்னும் போக்குக் காட்டி, மிக மெதுவாக நகர்ந்து, நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. சென்னையில் பலர் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விட்டார்கள். அந்த நாள்கள் முழுக்கக் கடலுக்குப் போகாத வீடுகளுக்கும் அது புயல்தான். எந்தச் சேதக் கணக்கிலும் ஏறாத புயல். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இப்படி எத்தனை தாழ்வு வருகிறதோ அத்தனை முறை தொழில் நிற்கிறது.

தொழில் நின்றால் முதலில் அடிபடுகிறவர்கள் மீன் விற்கிற பெண்கள். ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, கேளம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துத் தெருக்களுக்குக் கூடையோடு வருகிற அம்மாக்களைத்தான் சொல்கிறேன். அவர்களுக்குப் படகு கிடையாது, அதனால் படகுச் சேதப் பட்டியலில் பெயரும் வராது. உங்கள் தெருவுக்கு வாடிக்கையாக வருகிறவர் ஒரு வாரம் வரவில்லை என்றால், திரும்பி வருகிற நாளில் விலையைக் கேட்பதற்கு முன் "என்னக்கா, ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? படகு போச்சா?" என்று கேளுங்கள். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்கிற பதிலில் எந்தச் சேனலிலும் வராத நிலவரம் இருக்கும். மழைத்தண்ணீர் கழியிலிருந்து கடலுக்கு இறங்கியபின் இறால் நன்றாகப் படுகிற நாட்களும் வரும். அந்த நாட்களில் பேரம் பேசாமல் வாங்குகிறவர்கள் இருந்தால், இழந்த வாரத்தில் பாதியாவது திரும்பக் கிடைக்கும்.

உதவ நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி மலை மலையாகக் கிடந்ததை அங்கே போனவர்கள் மறக்க மாட்டார்கள். கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் கேட்காமல் கொடுத்தது. வலை பின்ன நூல், இன்ஜின் பழுதுபார்க்கப் பணம், நனைந்துபோன பாடப்புத்தகம், பள்ளிச் சீருடை, சில நாளைக்கு அரிசி பருப்பு, இவற்றில் எது வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தாரிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ ஒரு போன் செய்து கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

கடலோரத்து மக்கள் எல்லோரும் கடலோரத்திலேயே இருப்பதுமில்லை. சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட மீனவக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரியில் குடியமர்த்தப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காக என்று சொல்லிச் சதுப்பின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒவ்வொரு பெருமழையிலும் அந்தக் குடியிருப்புகளின் தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கிறது. கோவளத்தை விசாரிக்கிறவர்கள் போகிற வழியில் இருக்கிற செம்மஞ்சேரியையும் விசாரிக்க வேண்டும். இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

புதிதாக வந்திருக்கிற ஒரு திட்டத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2025-26 தமிழக பட்ஜெட்டில் கோவளம் அருகே, திருப்போரூர் வட்டத்தில், 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. வீணாகக் கடலில் கலக்கிற மழைநீரைத் தேக்கி நகரத்துக்குக் குடிநீராகக் கொடுப்பது நோக்கம். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற புறநகர்க்காரர்களாகிய நமக்கு அது இனிக்கத்தான் செய்யும். ஆனால் உப்பங்கழி என்பது உப்பும் நன்னீரும் கலந்து நிற்பதால் வாழ்கிற இடம். மடவையும் கொடுவாயும் இறாலும் நண்டும் அந்தக் கலப்பில்தான் பெருகுகின்றன. நன்னீரை மேலேயே நிறுத்திவிட்டால் கழியில் என்ன ஆகும், மணலைத் தள்ள வேகம் இல்லாத முகத்துவாரம் என்ன ஆகும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வீணாகப் போகிறது என்று நாம் சொல்கிற அந்தத் தண்ணீர்தான் அவர்களுடைய கழியைத் திறந்து வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தெளிவான பதில் கிடைத்தபிறகே வேலை நடக்க வேண்டும் என்று இந்த இதழ் கருதுகிறது.

நம்மால் ஆகாதது என்று சோர்ந்துவிடாதீர்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தபோது சிட்லபாக்கத்து மக்கள், இளைஞர்களும் ஓய்வுபெற்றவர்களும் பெண்களுமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குள் இறங்கிக் குப்பையைப் பொறுக்கினார்கள். விடாமல் மனுப்போட்டார்கள். பின்னால் அந்த ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிட்லபாக்கத்தில் வெளியே எடுத்த ஒவ்வொரு கூடைக் குப்பையும் செம்பாக்கத்துக்குப் போகாத குப்பை, பள்ளிக்கரணைக்குப் போகாத குப்பை, கோவளத்து வலையில் சிக்காத குப்பை.

இந்த மழைக்காலத்தில் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் தெருவில் விழுகிற தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது, அதற்குக் கீழே போகிற கால்வாய் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பெரியவர்களைக் கேட்டால் பழைய வரப்பும் மதகும் நினைவு வைத்திருப்பார்கள். ஏரியின் பெயரும் தெருவின் பெயரும் பார்த்த தேதியும் இருந்தால் போதும், நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. கோவளம், முட்டுக்காடு, கானத்தூர், நீலாங்கரைக் குப்பங்களில் இருக்கிற வாசகர்கள் முகத்துவாரம் என்றைக்கு வெட்டப்பட்டது, புயலுக்குப் பிறகு முதல் படகு என்றைக்குக் கடலுக்குப் போனது என்று எழுதுங்கள். தை மாதம் வரை ஒவ்வோர் இதழிலும் இதற்காக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிற உங்கள் பிள்ளைகள் அதைப் படித்து ஊர் நிலவரம் தெரிந்துகொள்வார்கள். ஏரி, கால்வாய் பற்றிய கடிதங்களைச் சேர்த்து மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

படம் எடுக்கப் போகிறவர்கள் தண்ணீர் ஓடும்போது கலங்கலின் மேல் ஏறாதீர்கள். கல்லில் பாசி பிடித்திருக்கும், கால் வழுக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கரையிலேயே நிறுத்திக் காட்டுங்கள். மழை விட்டபிறகு போனால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்